புது ரோபோ அணிக்குத் தடுப்பாட்டம்: குமரி மாவட்டப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து முதல் தடவையாக ரோபோ போட்டிக்குப் போகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றும்: "எங்க ரோபோவால அவ்வளவா பாயிண்ட் எடுக்க முடியாது சார். களத்துல நாங்க என்னதான் செய்ய?" தடுப்பாட்டத்தை ஒரு முழு வேலையாக எடுத்துப் பழகுங்கள் என்பதே என் பதில். பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆட்டம் வருடா வருடம் மாறும், விதிக் கையேடும் கூடவே மாறும். அதனால் உங்கள் வருடத்துக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தடுப்பாட்டம் என்றால் எதிரணி ரோபோவை இடித்து உடைப்பதா?

இல்லவே இல்லை. எதிரணி ரோபோ புள்ளி எடுக்க ஆகும் நேரத்தைக் கூட்டுவதுதான் தடுப்பாட்டம். அது போக நினைக்கிற வழியில் நிற்பது, குறிபார்க்கும் நேரத்தில் ஒரு தட்டு தட்டுவது, பொருள் எடுக்க வரும்போது சுற்றிவர வைப்பது, இவ்வளவுதான். உடைக்க வேண்டும், கவிழ்க்க வேண்டும், சிக்க வைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஆடினால் எல்லாப் போட்டியிலும் தண்டனை உண்டு. முற்றினால் அந்த மேட்சிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள்.

எல்லா ரோபோ போட்டியிலும் இது உண்டா?

கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தயாராகி ஏமாந்துவிடாதீர்கள். ஃபர்ஸ்ட், வெக்ஸ் இரண்டும் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி வரிசைகள். ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் உங்கள் ரோபோ தன் பணிகளைத் தானே செய்யும், எதிரணி வந்து மறிக்க வழியில்லை. வெக்ஸ் ஐக்யூ கூட்டாட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரே புள்ளிக்காக ஆடுகின்றன. அங்கேயும் தடுப்புக்கு வேலை இல்லை.

இரண்டு தரப்பு ரோபோக்களும் ஒரே களத்தில் ஓடும் போட்டிகளில்தான் இந்தப் பேச்சு: ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், வெக்ஸ் வி5 (இரண்டிலும் இரண்டுக்கு இரண்டு, அதாவது இரண்டு அணிகள் கூட்டணி சேர்ந்து வேறு இரண்டு அணிகளோடு ஆடும்; களம் 12 அடிக்கு 12 அடி), ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன் (மூன்றுக்கு மூன்று, ஆளுயரக் கட்டமைப்புகள் நிற்கும் பெரிய களம்). அதிலும் வருடத்துக்கு வருடம் வித்தியாசம் உண்டு. ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸின் 2015 ஆட்டத்தில் களத்தை நடுவே பிரித்து, ஆளுக்கொரு பாதி கொடுத்துவிட்டார்கள். அந்த வருடம் தடுப்பாட்டம் என்ற ஒன்றே இல்லை. 2019-இல் அதற்கு நேர்மாறாக, தடுக்கத் தெரிந்த ரோபோவுக்கு நல்ல கிராக்கி. ஆகவே ஆட்டம் அறிவித்த அன்றே கையேட்டில் பார்க்க வேண்டியது, எதிரணியின் பாதிக்குள் நாம் போகலாமா, போனால் எங்கே நிற்கலாம், எத்தனை பேர் போகலாம் என்பதை.

அண்ணா, புது அணிக்கு ஏன் இது பொருந்தும் என்கிறீர்கள்? பாயிண்ட் எடுக்கத் தெரியாதவர்களுக்கு ஆறுதல் பரிசா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் நம்பகம். பொருளை அள்ளுகிற பொறி, தூக்குகிற பொறி, எறிகிற பொறி என்று மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்துக்கு எட்டு தடவை ஒழுங்காக வேலை செய்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றும் அடுத்தடுத்து சரியாக நடந்தால்தானே புள்ளி விழும்? 0.8-ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.51 வரும், அதாவது பாதி முயற்சி வீண். முதல் வருட அணிக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். தடுப்பாட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு பொறி, ஓடுகிற வண்டி. அதை மட்டும் பத்துக்குப் பத்து என்று கொண்டுவர முதல் வருட அணியாலும் முடியும்.

இரண்டாவது, புள்ளிக் கணக்கு. டிரைவர் ஓட்டும் நேரம் 120 விநாடி என்று வைப்போம். பொருளை எடுத்துப் போய்ப் புள்ளி போட்டுவிட்டுத் திரும்புவது ஒரு சுற்று. எதிரணியின் நல்ல ரோபோ ஒரு சுற்றுக்கு 15 விநாடி எடுக்கிறது. எட்டு சுற்று. சுற்றுக்குப் பத்துப் புள்ளி என்றால் 80. உங்கள் ரோபோவுக்கு ஒரு சுற்றுக்கு 40 விநாடி, ஆக மூன்று சுற்று, 30 புள்ளி. இப்போது நீங்கள் புள்ளி எடுப்பதை விட்டுவிட்டு அவர்களை மறிக்கப் போகிறீர்கள். அவர்களின் சுற்று 24 விநாடியாக நீண்டால் ஐந்து சுற்றுதான் ஓட முடியும், 50 புள்ளி. அவர்களுக்கு 30 போச்சு, உங்களுக்கும் 30 போச்சு. லாபமில்லை. ஆனால் நீங்கள் அவர்களை 30 விநாடி வரை இழுத்தடித்தால் நான்கு சுற்று, 40 புள்ளி. உங்கள் கூட்டணிக்குப் பத்துப் புள்ளி லாபம்.

இதே கணக்கில் உங்கள் பொறி சொதப்பி மூன்று சுற்றுக்குப் பதிலாக ஒன்றுதான் முடிக்கிறது என்றால்? முதல் போட்டியில் அப்படித்தான் நடக்கும். அப்போது நீங்கள் இழப்பது பத்து. 24 விநாடித் தடுப்பே அவர்களுக்கு 30 புள்ளி நஷ்டம் செய்துவிடும். அங்கேதான் புது அணியின் தடுப்பாட்டம் மேட்சையே திருப்புகிறது.

இந்தக் கணக்கு நிற்க ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் கூட்டாளி ரோபோ புள்ளி எடுக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இரண்டு பேருமே தடுத்துக்கொண்டு நின்றால் 0-வுக்கு 40 என்று தோற்பீர்கள். மேட்சுக்கு முன் கூட்டாளியிடம் போய், "உங்களுக்கு ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற எண்ணை அப்படியே நம்பாமல் அவர்களின் முந்தைய மேட்சைப் பார்த்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எல்லா அணியும் தன் சிறந்த சுற்றைத்தான் சொல்லும்.

ஆறுதல் பரிசு என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம் என்று நினைக்கிறேன். மேட்சை ஜெயிக்க வைக்கிற வேலை எதுவோ அதுதான் நல்ல வேலை.

எங்களிடம் இருப்பது சாதாரண நாலு சக்கர வண்டி. அது போதுமா?

போதும், இரண்டு விஷயத்தைச் சரிசெய்தால்: சக்கரத்தின் பிடிமானம், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

பெரிய மோட்டார் போட்டால் நன்றாகத் தள்ளலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு வண்டி தள்ளக்கூடிய அதிகபட்ச விசை, அதன் எடையை டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வருவது. அதற்கு மேல் மோட்டார் எவ்வளவு முக்கினாலும் சக்கரம் வழுக்கும், அவ்வளவுதான். இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். மீன்காரர்களிடமும் பழைய இரும்புக் கடையிலும் இருக்குமே, கொக்கி வைத்த தொங்கு தராசு, அதில் ஒன்று வாங்குங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், மறுமுனையை ரோபோவின் பின்பக்கம் தாழ்வாகக் கட்டுங்கள். கயிறு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மெதுவாக முன்னால் ஓட்டி, சக்கரம் வழுக்கத் தொடங்கும் நேரத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோபோ 12 கிலோ, தராசு 9 கிலோ காட்டுகிறது என்றால் உங்கள் கெழு 0.75. சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். தூசி படிந்த டயரும் துடைத்த டயரும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று பார்த்த பிள்ளை, அப்புறம் ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் ஈரத்துணியோடு நிற்கும்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியும். சக்கரம் வழுக்குவதற்கு முன்பே மோட்டார் நின்றுபோனால் உங்கள் கியர் விகிதம் வேகத்துக்காக வைத்தது. அது தடுப்பாட்டத்துக்கு ஆகாது, மோட்டார் கருகிவிடும். முதலில் சக்கரம் வழுக்க வேண்டும். அப்படி ஒரு கியர் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஆமை வேகத்துக்கும் போய்விடாதீர்கள், எதிரணி ரோபோ போகிற இடத்துக்கு நீங்கள் முந்திப் போயாக வேண்டும்.

சக்கர வகையைப் பற்றி: ஓம்னி சக்கரம் பக்கவாட்டில் தானே உருளும். நான்கும் ஓம்னி என்றால் யாராவது விலாவில் தள்ளினால் சறுக்கிக்கொண்டே போவீர்கள். ஆறு சக்கரம் வைக்க இடமிருந்தால் நடு இரண்டையும் சாதாரண ரப்பர் சக்கரமாக மாற்றுவது வெக்ஸ் அணிகளின் பழைய வழக்கம். மெக்கானம் சக்கரம் எந்தத் திசையிலும் நகரும், பார்க்க அழகு, ஆனால் உருளைகள் 45 டிகிரி சாய்ந்திருப்பதால் தள்ளுமுள்ளில் பிடிமானம் குறைவு. தடுப்பாட்டத்தை நம்பிப் போகிற அணிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு, "வீட்ல ரப்பர் ஷீட் இருக்கு, சக்கரத்துல ஒட்டலாமா?" என்று. ரப்பர் விளைகிற ஊரில் அந்த யோசனை வராவிட்டால்தான் ஆச்சரியம். கல்லூரி விழாக்களில் நடக்கும் ரோபோ கால்பந்து மாதிரிப் போட்டிகளுக்குத் தாராளமாக ஒட்டலாம். வெக்ஸில் எந்த உதிரி அனுமதி, எது இல்லை என்பது கறாராக இருக்கும், கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஒட்டாதீர்கள். எதுவானாலும் தரையைக் கிழிக்கிற சக்கரத்தைச் சோதனை மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எடையைக் கீழே வையுங்கள். பேட்டரி தரைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. உயரமான தூக்குப்பொறி இருந்தால் தடுக்கப் போகும் முன் அதை மடக்கி உள்ளே இழுத்துவிடுங்கள். நீட்டிய கையோடு போய் எதிரணி ரோபோவின் சட்டகத்துக்குள் அது நுழைந்தால் தவறு உங்கள் மேல்தான்.

களத்தில் எங்கே நிற்பது? பின்னாலேயே துரத்த வேண்டுமா?

துரத்தாதீர்கள். புது டிரைவர் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். எதிரணி ரோபோ வேகமானது, நீங்கள் பின்னால் போனால் அது போன இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

ஆரல்வாய்மொழியை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வர, மலைகளுக்கு நடுவே அந்தக் கணவாய். இன்றைக்கும் நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாம் அது வழியேதான். திருவிதாங்கூர்க்காரர்கள் நாடு முழுக்கக் காவல் நிற்காமல் அங்கே கோட்டைச் சுவர் எழுப்பினார்கள். உங்கள் ஆட்டக் களத்திலும் அப்படி ஓர் இடுக்கு இருக்கும். பொருள் எடுக்கிற இடத்திலிருந்து புள்ளி போடுகிற இடத்துக்குப் போக எல்லா ரோபோவும் கடந்தாக வேண்டிய இடம் அது. ஒரு தாளில் களத்தை வரைந்து, எதிரணியின் நாலைந்து சுற்றுகளைப் பென்சிலால் கோடாக இழுங்கள். கோடுகள் நெருங்குகிற இடம் தானாகத் தெரியும். அங்கே நில்லுங்கள்.

அதே வரலாற்றின் மறுபாதியும் நமக்கு வேண்டும். 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியின்போது ஆங்கிலப் படை அந்த அரணை நேராக வந்து முட்டவில்லை, இரவில் மலைமீது ஏறி வந்து பிடித்தது. நல்ல டிரைவரும் அதையே செய்வார். ஒரு மேட்ச் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் அடுத்த சுற்றிலேயே வேறு பாதை கண்டுபிடித்துவிடுவார். அதனால் இரண்டாவது பாதை எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதே நகர ஆரம்பியுங்கள். அரைச் சக்கர தூரம் முந்தினாலே போதும்.

எப்படித் தட்டுவது? நேராக முட்டலாமா?

நேருக்கு நேர் முட்டினால் எடை கூடிய ரோபோ ஜெயிக்கும், இருவரின் பேட்டரியும் வீணாகும். விலாவில், அதாவது அதன் பக்கவாட்டில் செங்குத்தாகப் போய்ச் சேர்ந்தால் சாதாரண டேங்க் வகை வண்டியால் எளிதில் விலக முடியாது. அதன் சக்கரங்கள் முன்பின்னாகத்தான் ஓடும், நீங்கள் தள்ளுவதோ குறுக்கே.

குறிபார்த்து எறிகிற ரோபோ என்றால் மூலையில் தட்டுங்கள். நடுவில் தட்டினால் அது கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். மூலையில் தட்டினால் சுழலும். சில டிகிரி திரும்பினாலும் டிரைவர் மறுபடி குறிபார்க்க வேண்டும், இரண்டு மூன்று விநாடி போய்விடும். எறியப் போகிற கணத்தில் தட்டுவதுதான் முக்கியம். அதற்கு நீங்கள் அந்த ரோபோவின் பழக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். எறிவதற்கு முன் நின்று மூச்சு வாங்குகிறதா, ஓடிக்கொண்டே எறிகிறதா, கை எழும்பிய பிறகு எத்தனை விநாடி என்றெல்லாம். முந்தைய மேட்சுகளைப் பார்க்க ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வையுங்கள். கையில் ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் போதும்.

நடுவர் கொடி தூக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எந்த விதிகளைக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்?

அந்தப் பயம் நல்லது. ஒரு பெரிய தவறு, மேட்ச் முழுக்க உழைத்து மிச்சம் பிடித்த புள்ளி முழுவதையும் எதிரணிக்குக் கொடுத்துவிடும்.

முதலாவது, மடக்கிப் பிடிப்பது. எதிரணி ரோபோவைச் சுவரிலோ மூலையிலோ நகர முடியாமல் வைத்திருந்தால் நடுவர் எண்ண ஆரம்பிப்பார். வெக்ஸில் ஐந்து எண்ணிக்கை. விலகும்போது குறைந்தது 2 அடி, அதாவது ஒரு தரை ஓடு தூரம் போக வேண்டும். ஃபர்ஸ்ட் போட்டிகளில் வருடத்தைப் பொறுத்து மூன்றாகவோ ஐந்தாகவோ இருந்திருக்கிறது. டிரைவரால் ஓட்டிக்கொண்டே எண்ண முடியாது. பக்கத்தில் நிற்கும் கோச் சத்தமாக எண்ண வேண்டும்: "ஒண்ணு, ரெண்டு, பின்னால வா மக்கா!" ஐந்து விதி என்றாலும் மூன்றில் விலகிவிடுவது என் கட்டளை. நம் எண்ணிக்கையும் நடுவர் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, காப்புப் பகுதிகள். பொருள் எடுக்கும் இடம், கடைசி விநாடிகளில் ஏறித் தொங்கும் இடம் போன்றவற்றில் எதிரணியைத் தொடக்கூடாது என்று இருக்கும். தற்செயலாகத் தொட்டாலும் தவறுதான். அந்தக் கோடுகளைப் பயிற்சித் தரையில் சிவப்பு டேப்பால் ஒட்டி, தொட்டால் அந்த ஆட்டம் முடிந்தது என்று வைத்துப் பழகுங்கள்.

மூன்றாவது, தானியங்கி நேரம். முதல் 15 அல்லது 30 விநாடி ரோபோ தானே ஓடும்போது நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியைத் தொட்டால் பெரும்பாலான ஆட்டங்களில் கடுமையான தண்டனை.

இன்னொன்று: வெக்ஸ் விதிப்படி, புள்ளி எடுக்கப் போகும் ரோபோவுக்கும் தடுக்கும் ரோபோவுக்கும் நடுவே சந்தேகமான மோதல் நடந்தால் நடுவர் புள்ளி எடுக்கப் போனவர் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆடுவதே வழி. அதேபோல் எதிரணியை வலிய ஒரு தவறுக்குள் தள்ளிவிட்டுப் புள்ளி கேட்க முடியாது.

எங்கள் ஊரில் களமே இல்லை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

போட்டிக்குத் திருவனந்தபுரமோ சென்னையோ போகிற நமக்கு இதுதான் பெரிய கஷ்டம், உண்மைதான். ஆனால் தடுப்பாட்டப் பயிற்சிக்கு முழுக் களம் வேண்டியதில்லை. பள்ளி அரங்கிலோ சர்ச் ஹாலிலோ 12 அடிக்கு 12 அடி டேப் ஒட்டுங்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பொருள் எடுக்கும் இடம், புள்ளி போடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை, அட்டைப்பெட்டிக்குள் இரண்டு செங்கல் வைத்துக் கயிற்றால் இழுத்துக்கொண்டு ஒரு நாற்காலியிலிருந்து மற்றொன்றுக்கு ஓட வேண்டும். ரோபோ அதற்குக் குறுக்கே வர வேண்டும். ஒரு நிமிடத்தில் பெட்டி எத்தனை தடவை போய் வந்தது என்று எண்ணுங்கள். ரோபோ இல்லாமல் எத்தனை, ரோபோ இருந்தால் எத்தனை. இந்த இரண்டு எண்களும் வாரா வாரம் சுவரில் எழுதப்பட வேண்டும்.

டிரைவரை ஒரே பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள். ரோபோ நம்மைவிட்டு விலகி ஓடும்போது ஜாய்ஸ்டிக்கின் இடது அதற்கும் இடதுதான். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். தடுக்கிற ரோபோ பாதி நேரம் தூரத்துப் பாதியில் நம்மை நோக்கித்தான் ஓடும். இந்தக் குழப்பத்தில்தான் புது டிரைவர்கள் தவறான பக்கம் திரும்பி இடத்தை விடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிரைவரை எதிர்ப்பக்கம் அனுப்புங்கள். நடுவே ஒரு பெஞ்சைக் கவிழ்த்து வைத்துப் பார்வையை மறையுங்கள், ஆட்டக் கட்டமைப்பு அப்படித்தான் மறைக்கும்.

முடிந்தால் பக்கத்துப் பள்ளி அணியைக் கூப்பிடுங்கள். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம்தான். ஒரு சனிக்கிழமை இரண்டு ரோபோவும் நேருக்கு நேர் ஆடினால், பெட்டியோடு ஒரு மாதம் ஆடியதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள். போட்டிக்கு முன்பே எதிரணிக்கு நம் ரோபோவைக் காட்டலாமா என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். தாராளமாகக் காட்டலாம் என்பேன். மாவட்டத்தில் அணிகள் குறைவு, ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டால்தான் எல்லாருக்கும் பிழைப்பு.

மேட்ச் நடுவிலேயே ரோபோ நின்றுவிடுகிறது. ஏன்?

தடுப்பாட்டம் மின்சாரத்தை அதிகம் கேட்கும். தள்ளுமுள்ளில் சக்கரம் ஓடாமல் நிற்கும்போதுதான் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும், பேட்டரி மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாரை வெட்டிவிடும். வெக்ஸ் வி5 மோட்டார் 55 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் என்ன அழுத்தினாலும் பழைய பலம் வராது. தள்ளியும் நகரவில்லை என்றால் இரண்டு விநாடிக்கு மேல் முக்காமல் விட்டு விலகி, வேறு கோணத்தில் வாருங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பள்ளிகளுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்றில் பேட்டரி முனைகளும் கனெக்டர்களும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் அந்த இடத்தில் தடை கூடி, பெரிய மின்னோட்டம் ஓடும்போது மட்டும் மின்னழுத்தம் விழும். மேசையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், களத்தில் நின்றுபோகும். முனைகளை மாதம் ஒரு தடவை தேய்த்துத் துடையுங்கள், ரோபோவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வையுங்கள்.

அடி வாங்குகிற ரோபோ என்பதால் போல்ட்டுகள் இளகும். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஒரே வரிசையில், ஒரே பிள்ளை எல்லா போல்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தகுதிச் சுற்றில் தடுத்து ஆடினால் தரவரிசை கெடுமா?

கெடலாம், போட்டியைப் பொறுத்தது. வெக்ஸில் வெற்றிப் புள்ளி, தானியங்கிப் புள்ளி இரண்டும் சமமானால் தோற்ற கூட்டணி எடுத்த புள்ளியைக் கூட்டிப் பார்ப்பார்கள். அப்படியானால் நீங்கள் ஜெயிக்கும் மேட்சில் எதிரணியை ரொம்பவும் நசுக்கினால் உங்களுக்கே அந்தக் கணக்கில் குறையும். ஃபர்ஸ்ட் போட்டிகளில் வெற்றியைத் தவிர சில பணிகளை முடித்தாலும் தரவரிசைப் புள்ளி உண்டு. அதைக் கைவிட்டுத் தடுக்கப் போவது பல நேரம் நஷ்டம். ஆகவே தகுதிச் சுற்றில் ஜெயிக்கத் தேவையான அளவு மட்டும் தடுங்கள், அதிலும் ஒன்றிரண்டு மேட்சிலாவது முழுத் தடுப்பாட்டத்தைக் காட்டுங்கள். யாரும் பார்க்காத திறமையை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

சரி, கூட்டணித் தேர்வில் பெரிய அணிகள் எங்களை எப்படி எடுப்பார்கள்?

தகுதிச் சுற்றில் மேலே வந்த அணிகள்தான் தலைமை அணிகள், கூட்டாளிகளை அவைதான் தேர்ந்தெடுக்கும். முதல் தேர்வில் அவை புள்ளி எடுக்கும் ரோபோவைப் பிடிக்கும். மூன்று பேர் கூட்டணி உள்ள போட்டியில் இரண்டாம் சுற்றுத் தேர்வு வரும்போது நல்ல புள்ளிக்காரர்கள் தீர்ந்திருப்பார்கள். அப்போது தேடுவது நம்பகமான தடுப்பாளரை. அந்த இடம்தான் உங்களுடையது.

தேர்வுக்கு முந்தின மாலை, தரவரிசையில் மேலே இருக்கும் அணிகளின் கூடாரத்துக்கு நேரில் போங்கள். கையில் ஒரே பக்கத் தாள். அதில் ரோபோவின் எடை, தராசில் அளந்த தள்ளு விசை, எத்தனை மேட்சில் நிற்காமல் ஓடியது, எத்தனை தவறு, எந்த ரோபோவை மறித்தபோது அது வழக்கத்தைவிட எவ்வளவு குறைவாக எடுத்தது. பெருமையாகப் பேச வேண்டாம், எண்களே பேசும். டிரைவர் பிள்ளையே பேசினால் இன்னும் நல்லது. ஈத்தாமொழிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இப்படி ஒரு தாளோடு போய், "உங்களை யார் தடுத்தா கஷ்டமா இருக்கும்னு சொல்லுங்க, அவங்களை நாங்க பார்த்துக்கிறோம்" என்று கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தலைமை அணிப் பையன்கள் உடனே நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

நான் ஒரு அம்மா கேட்கிறேன். இடித்துக்கொண்டு நிற்பதற்கா இவ்வளவு செலவும் நேரமும்?

அக்கா, உங்கள் கேள்வி நியாயமானது. பிள்ளை இதில் கற்பதை ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள். உராய்வு, முறுக்குவிசை, மின்னோட்டம் எல்லாம் பள்ளிப் பாடம்தான். தராசைக் கட்டி இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. மோதி ஆடிய அணியின் ரோபோ பழுதானால் மேட்ச் முடிந்ததும் நம் பிள்ளைகளே உதிரி எடுத்துக்கொண்டு உதவப் போவார்கள். ஃபர்ஸ்டில் இந்தப் பண்பை முன்னால் நின்று வளர்த்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ். கடுமையாக ஆடு, ஆனால் எதிராளியை மதி என்பதுதான் அங்கே அடிப்படை.

செலவைப் பொறுத்தவரை, பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று கேளுங்கள். 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் பயன்படுத்தலாம். தடுப்பாட்ட ரோபோ என்பது நல்ல வண்டி, நல்ல சக்கரம், அவ்வளவுதான். சிக்கலான பொறிகளுக்குக் கொட்டும் பணம் இதில் மிச்சம்.

கல்லூரிப் போட்டிகளிலும் இது உதவுமா?

உதவும். ஆசிய பசிபிக் நாடுகளின் ரோபோகான் 2022-இல் புதுடெல்லியில் நடந்தபோது ஆட்டமே நம் ஏழு கல் விளையாட்டு. ஒரு அணி கல்லை அடுக்க, மற்ற அணி பந்தெறிந்து கெடுக்க வேண்டும். 2025-இல் மங்கோலியாவில் கூடைப்பந்து. அதில் தடுப்பு ஆட்டத்தின் பாதி. பள்ளியில் இதைப் பழகியவர்கள் அங்கே முதல் நாளிலிருந்தே வித்தியாசமாகத் தெரிவார்கள்.

நாங்கள் புள்ளி எடுக்கும்போது எங்களை யாராவது தடுத்தால்?

தடுக்கத் தெரிந்தவருக்கு இதன் விடை பாதி தெரிந்திருக்கும். முட்டிக்கொண்டு நிற்காதீர்கள், சுழன்று விலகுங்கள். காப்புப் பகுதிக்குள் நின்று புள்ளி எடுக்க ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். உங்களை ஒருவர் மறிக்கிறார் என்றால் அவர் புள்ளி எடுக்கவில்லை. உங்கள் கூட்டாளிக்கு வழி திறந்திருக்கிறது, அவருக்குக் குரல் கொடுங்கள்.

அடுத்த வருடமும் இதையேதான் ஆட வேண்டுமா?

வேண்டாம். இரண்டாம் வருடம் இதே வண்டியின் மேல் ஒரே ஒரு புள்ளிப் பொறி சேருங்கள். எளியதாக, பத்துக்கு ஒன்பது தடவை வேலை செய்வதாக. வண்டி நம்பகமாக இருப்பதால் அந்தப் பொறிக்கு மட்டும் நேரம் கொடுக்க முடியும். மேட்சின் முதல் பாதியில் புள்ளி எடுத்து, கூட்டாளி முந்தியிருந்தால் கடைசி 40 விநாடியில் தடுக்கப் போவது என்று மாறி மாறி ஆடலாம். எந்த நேரத்தில் மாறுவது என்று கோச் சொல்லும் ஒரே வார்த்தையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை வந்ததும் கை மடங்க வேண்டும், வண்டி இடுக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அந்த மாற்றம் மூன்று விநாடிக்குள் நடக்கிறதா என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள்.